சந்திரலேகா கதவைத் தட்டுவதற்கு முன்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு எந்த உள்ளொளியிலும் உதிக்கவில்லை. போனில் வந்தது. மதியச் சாப்பாடு முடிந்து, நாற்காலியில் சாய்ந்து, இன்றைக்கு எழுதலாமா நாளைக்கு எழுதலாமா என்று மும்முரமாக யோசித்துக்கொண்டிருந்தபோது சாமிதுரை என்பவர் கூப்பிட்டார். புன்னைமங்கலத்தின் முன்னாள் ஊராட்சித் தலைவர். (ஊர்ப் பெயரை மாற்றியிருக்கிறேன். ஒரத்தநாட்டுப் பக்கம், புது ஆற்றங்கரை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் சொன்னால் ஊரார் என்னைத் தேடி வந்து, யாரை விட்டுவிட்டேன் என்று கேட்பார்கள்.)

"மேடம், எங்க டாக்டரம்மாவுக்கு முதலாண்டு நினைவு நாள் வருது. நினைவு நடைன்னு வச்சிருக்கோம். நீங்க வந்து கொடியசைச்சுத் தொடங்கி வைக்கணும். அப்படியே மலருக்கு ஒரு கட்டுரையும் குடுத்துடுங்க" என்றார்.

சரி என்றேன். கொடியசைப்பதற்கு உடம்பு நோகாது என்று நினைத்தேன். கட்டுரையை உரிய தேதிக்குள் கொடுக்கவில்லை. மலர் நான் இல்லாமலே அச்சாகிவிட்டது. கட்டுரை என்று தொடங்கியது கையை மீறிப்போய் இப்படி நிற்கிறது. சாமிதுரைக்கு இன்னும் தெரியாது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"பொன் விளையும் காவிரிப் படுகையிலே, ஏழைக் குடிசையிலே பூத்த அந்தப் பெண்மலர்"

[அடித்தாயிற்று. எனக்கே கொட்டாவி வந்தது.]

இரண்டாம் முயற்சி:

"டாக்டர் செம்மொழி இறந்த அன்று புது ஆற்றில் தண்ணீர் கரைபுரண்டு"

[அடித்தாயிற்று. அவர் இறந்தது மாசி மாதம். தண்ணீரை நிறுத்தி வாரக்கணக்கில் ஆகியிருந்தது, ஆற்றில் ஆடுதான் மேய்ந்தது. இயற்கை எனக்கு எப்போதுமே ஒத்துழைத்ததில்லை.]

மூன்றாம் முயற்சியில் அலங்காரத்தை விட்டுவிட்டுச் சொல்கிறேன். செம்மொழி அந்த ஊரில், வயல்வேலை செய்த அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர். படித்து, பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அதாவது ஆராய்ச்சி டாக்டர், மருந்து எழுதும் டாக்டர் அல்ல. ஊருக்கு அந்த வித்தியாசமெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவர் பேருந்தை விட்டு இறங்கியதும் நாக்கை நீட்டிக் காட்ட நாலு பேர் காத்திருப்பார்கள்.

அவருடைய ஆராய்ச்சி அந்த ஊர்ப் பெண்களைப் பற்றியதுதான். நடவு இயந்திரம் வந்த பிறகு, குனிந்து நட்ட பெண்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு வரப்புக்கும் போவதில்லை, வீட்டில் டிவி பார்த்தார்கள். சாப்பாடு மட்டும் பழைய நடவுக்காலச் சாப்பாடாகவே இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. உடம்பை அசைத்த வேலை போன இடத்தில் வேறெதுவும் வந்து உட்காரவில்லை என்பதுதான் அவர் பல வருடம் ஆராய்ந்து கண்ட முடிவு. ஆகவே நடங்கள் என்றார்.

யாரும் நடக்கவில்லை. வேலைவெட்டி இல்லாமல் ஆற்றங்கரையில் நடந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. காலடி எண்ணும் கைப்பட்டை வாங்கிக் கொடுத்தார். அதைக் கழற்றி ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டார்கள்.*

* அந்த மாதம் ஊரின் ஆரோக்கியம் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டது. வெள்ளாட்டங்குட்டி வைத்திருந்த வீடுகளில் கூடுதலாக.

3

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். ஆராய்ச்சியைக் கெடுக்க வரும் கம்பெனிக்காரன் ஒருவனை எழுதிப் பார்த்தேன்:

"வசந்தகுமார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: நடக்குறதெல்லாம் அந்தக் காலம் டாக்டர். எங்க ஆப்புல"

[நின்றுவிட்டது. அவனால் அதற்கு மேல் பேச முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அவன் நல்ல பையன். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.]

வில்லன் வேலை போய்விட்டதால் வசந்தகுமாருக்கு இதே கதையில் பிற்பாடு டிராக்டர் ஓட்டும் வேலை கொடுத்திருக்கிறேன். கண்ணாடியை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

4

ஆடுகள் நடந்த அந்த மாதத்துக்குப் பிறகு செம்மொழி ஒரு காரியம் செய்தார். எல்லா முறைகளையும் கைவிட்டு, சாயங்காலம் மாரியம்மன் கோயில் வாசலில் நின்று, ராமாயி என்ற பெண்ணைக் கூப்பிட்டார். ராமாயிக்கு அறுபதை ஒட்டிய வயது. நடவுக்குழுவில் முதல் ஆளாக நின்றவர், இப்போது சர்க்கரையிலும் முதல் ஆள். செம்மொழிக்கு அத்தை முறை.

"அத்த, ஒரு கதை சொல்றேன், மதகு வரைக்கும் வாயேன்" என்றார்.

கதை இதுதான். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் சந்திரலேகா என்று ஒரு பெண். அவள் புருஷன் காயாரோகணம், வலைக்கு நூல் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவில்லை. படகு கரையில் கிடக்கிறது. சந்திரலேகா ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு அவனைத் தேடிப் புறப்படுகிறாள். அவ்வளவுதான். இதைச் சொல்லச் சொல்ல இரண்டு பேரும் நடந்தார்கள். ராமாயி மூச்சு வாங்க நின்றால் செம்மொழி வாயை மூடிக்கொள்வார். கால் நின்றால் கதை நிற்கும், அது ஒன்றே சட்டம். மதகு வந்ததும், சந்திரலேகா எங்கே எந்த ஆபத்தில் இருந்தாலும் சரி, அப்படியே விட்டுவிட்டு, "மிச்சம் நாளைக்கு" என்று திரும்பிவிடுவார்.

மறுநாள் ராமாயி இரண்டு பேரைக் கூட்டிவந்தார். அடுத்த வாரம் ஒரு தெருவே வந்தது. வேலைவெட்டி இல்லாமல் நடக்கிறார்கள் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. காணாமல் போனவனைத் தேடுகிறார்கள், அதைவிட என்ன வேலை வேண்டும்? திருவாரூர், கும்பகோணம், பூம்புகார் என்று சந்திரலேகா அலைந்தாள். இவர்கள் கோயிலுக்கும் மதகுக்கும் இடையில் அலைந்தார்கள். ராமாயிக்குச் சர்க்கரை இறங்கியது. கால் மரத்துப்போவது குறைந்தது.

(ஆராய்ச்சி இதழுக்கு இதை எப்படி எழுதினார் என்று தேடிப் பார்த்தேன். "சமூக ஊக்க உத்தி" என்று எழுதியிருக்கிறார். காயாரோகணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.)

கடைசியாகச் சொன்ன பகுதியில் சந்திரலேகா நாகூரில், தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில், பச்சைக் கதவு ஒன்றின் முன்னால் நிற்கிறாள். உள்ளே ஓர் ஆண் இருமுகிறான். அவளுக்குத் தெரிந்த இருமல். கூடவே ஒரு பெண் சிரிக்கும் சத்தம். சந்திரலேகா தட்டுவதற்குக் கையை ஓங்குகிறாள்.

மிச்சம் நாளைக்கு.

மறுநாள் காலையில் செம்மொழிக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

5

இங்கே பத்துப் பக்கம் அழலாம் என்று திட்டமிட்டிருந்தேன். வேண்டாம். அழுகையைவிட மோசமான ஒன்று நடந்தது. ஊர் ஒரு முடிவுக்கு வந்தது.

"தினம் நடந்தவங்களுக்கே இப்படின்னா, நாம நடந்து என்ன ஆகப்போவுது?"

பலர் இதை நிம்மதியோடு சொன்னார்கள் என்பதுதான் எனக்குக் கோபம். ஒரு பெண் தன் வாழ்நாளைக் கொடுத்து ஊரை எழுப்பி நடக்கவைத்தாள். அவள் சாவையே சாக்காக வைத்து ஊர் மறுபடி உட்கார்ந்துகொண்டது. ராமாயியும் உட்கார்ந்தார். சர்க்கரை ஏறியது, பாதம் மறுபடி மரத்தது. இப்படியே போனால் இன்சுலின் ஊசிதான் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். ஊசி என்றால் ராமாயிக்கு உயிர் போகும் பயம். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

ஆகவே நினைவு நடை. அந்த ஒரு காலை நடையில் ராமாயி மாதிரி ஆட்கள் எழுந்தால் செம்மொழியின் வேலை பிழைக்கும். எழாவிட்டால் மிச்சமிருப்பது மாலை போட்ட படம். அவ்வளவும் அந்த ஒரு நடையை நம்பி இருந்தது. நான் கொடியோடு போய் இறங்கினேன்.

6

எந்த ஊரிலாவது இப்படி நடக்குமா என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கத்தில்தான் நடக்கும்.

எங்கள் ஊர்களில் மரியாதை என்றால் அதற்கு ஒரே வடிவம்தான், மண்டகப்படி. சாமி புறப்பாட்டில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு, சாமியை நிறுத்தி, தீபம் காட்டி, கூட வந்தவர்களுக்கெல்லாம் கை நிறையக் கொடுத்தனுப்புவது. டாக்டரம்மாவுக்கு நினைவு நடை என்றதும் ஒவ்வொரு தெருவும் தன் பங்குக்கு மண்டகப்படி ஏற்றுக்கொண்டது. கோயில் வாசலில் ரவா கேசரி. நடுத்தெருவில் சர்க்கரைப் பொங்கல். பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாமிதுரை குடும்பத்தின் பானகம், வெல்லம் தாராளமாக. சர்க்கரை நோயை ஆராய்ந்த ஒருவருக்கு இவ்வளவு இனிப்பாக அஞ்சலி செலுத்தியவர்கள் உலகில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். முதல் பந்தலில் சர்க்கரைப் பரிசோதனையும் வைத்திருந்தார்கள், கேசரிக்கு அடுத்த மேசையில். சாப்பிட்டுவிட்டு வந்து விரலை நீட்டினார்கள். செவிலியர் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு கருவியை உறையில் போட்டுவிட்டு அவரும் ஒரு தொன்னை வாங்கிக்கொண்டார்.

ஏழு மணி நடை ஒன்பதுக்குத் தொடங்கியது. தொடங்கியது என்பதும் தவறு. செம்மொழியின் பெரிய படத்தைப் பூவால் அலங்கரித்து டிராக்டர் டிரைலரில் வைத்திருந்தார்கள். படம் மட்டும் தனியாகப் போனால் நன்றாகவா இருக்கும் என்று இரண்டு பேர் ஏறினார்கள். அவர்கள் ஏறினால் நாங்கள் ஏறக் கூடாதா என்று இன்னும் சிலர். நான் கொடியசைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நடக்க வந்தவர்கள் எல்லோரும் வண்டியில் இருந்தார்கள். தவில்காரர்கூட ஏறிவிட்டார். வசந்தகுமார் எனக்கும் கை கொடுத்தான்.

நான் ஏறினேன். பட்டுப்புடவையில் நடக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பருத்தி கட்டியிருந்தாலும் ஏறியிருப்பேன்.

7

டிரைலரில் எனக்குப் பக்கத்தில் ராமாயி. மடியில் கேசரி. சாப்பிடவில்லை.

"நீங்க கதை எழுதுறவங்களாமே" என்றார்.

ஆமாம் என்றேன். என் புத்தகம் ஏதாவது படித்திருப்பார் என்று ஒரு நப்பாசை.

"அப்ப சொல்லுங்க. சந்திரலேகா கதவத் தட்டுனாளா, இல்லையா?"

அதுவரை எனக்கு எந்தச் சந்திரலேகாவையும் தெரியாது. நான்காம் பகுதியில் உங்களுக்குச் சொன்ன எல்லாம் அந்த டிரைலரில், நடுத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில், ராமாயியும் மற்றப் பெண்களும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு சொன்னவைதான். கட்சிகள் இருந்தன. உள்ளே சிரித்தது இன்னொரு பெண்டாட்டிதான் என்று ஒரு கட்சி. இல்லை, அது வீட்டுக்காரம்மா ஹபீபுன்னிசா, நோயில் விழுந்தவனுக்கு இடம் கொடுத்த புண்ணியவதி என்று இன்னொரு கட்சி. ஹபீபுன்னிசா என்ற பெயரைச் செம்மொழி சொல்லவே இல்லை, அது ராமாயியின் கைவரிசை.

நான் இருபது வருடமாகக் கதைகளுக்கு முடிவு எழுதுகிறவள். வண்டி குலுங்கிய குலுக்கலில் மூன்று முடிவுகள் வந்தன:

(அ) கதவு திறக்கிறது. காயாரோகணம் நிற்கிறான், கையில் நூற்கண்டு. "இன்னும் சரியான நூல் கெடைக்கல" என்று

[மிகவும் சாமர்த்தியமாக இருக்கிறது. இது இலக்கியக் கூட்டத்துக்கு ஆகும்.]

(ஆ) சந்திரலேகா ஓங்கிய கையை இறக்குகிறாள். திரும்பி நடக்கிறாள். கடற்கரையில் கிடக்கும் படகை

[இதைச் சொன்னால் என்னை வண்டியிலிருந்து தள்ளிவிடுவார்கள்.]

(இ) இதுதான் அருமையானது. நினைத்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

"இருங்க" என்றார் ராமாயி. "இது உக்காந்துகிட்டுக் கேக்குற கதை இல்ல."

டிரைலர் பக்கவாட்டில் கையால் தட்டினார். வசந்தகுமார் நிறுத்தினான். ராமாயி கேசரியை என் மடியில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து, மரத்த காலை மெதுவாக ஊன்றி இறங்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வாங்க. மதகு வரைக்கும்."

8

கதைக்காரி இறங்கினால் கதையும் இறங்கிவிடும் என்பதைக் கவனித்தீர்களா? நான் இறங்கியதும் பெண்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். தவில்காரர் குதித்தார். செவிலியர் இறங்கினார். புது ஆற்றின் கரையில், அறுப்பு முடிந்து உளுந்து பச்சை பிடித்திருந்த வயல்களைப் பார்த்தபடி, நான் சொல்லிக்கொண்டு நடந்தேன். நூறு தப்படியில் மூச்சு வாங்கியது. நின்றேன். "நடந்துகிட்டே சொல்லுங்க" என்று பின்னாலிருந்து ஒரு படையே குரல் கொடுத்தது.

பள்ளிக்கூடப் பந்தலில் சாமிதுரை பானக டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றார். யாரும் நிற்கவில்லை. அவர் வாழ்க்கையில் ஒரு மண்டகப்படியை யாரும் கடந்து போனதில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். முதலில் குடியுங்கள் என்று கெஞ்சினார். பிறகு வாளியை ஒரு புளியமரத்தடியில் வைத்துவிட்டு, "என்னாச்சு, கதவத் தட்டுனாளா?" என்று பக்கத்தில் வந்தவரிடம் கேட்டார். எல்லோருக்கும் பின்னால் காலி டிரைலரில் செம்மொழியின் படம் மட்டும் வந்தது. யாரும் ஏறவில்லையா மேடம் என்று வசந்தகுமார் அடிக்கடி கத்தினான். படத்திலிருந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார். (படத்தில் எப்போதுமே சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.)

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் கதைக்காக இத்தனை பேர் நடந்ததே இல்லை. நாகூர்ச் சந்தின் குறுகலை, காய்ந்த மீன் வாடையை, பச்சைக் கதவின் பித்தளைக் குமிழை எல்லாம் இழுத்து இழுத்துச் சொன்னேன். மதகு வந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினேன்.

"சந்திரலேகா கண்ணை மூடிக்கொண்டாள். ஓங்கிய கையை அப்படியே"

"நிறுத்துங்க" என்றார் ராமாயி.

எல்லோரும் நின்றார்கள். நீங்கள்தானே கேட்டீர்கள் என்றேன். எனக்கு உண்மையிலேயே எரிச்சல். (இ) அவ்வளவு நன்றாக இருந்தது.

"கேட்டேன். ஒரு வருசமா இது ஒண்ணுதான் தெரியணும்னு கெடந்தேன். இந்த மதகுலதான் அவ நிறுத்துனா. இங்க வந்து நின்னதும் பயமா இருக்கு. நீங்க முடிச்சுட்டீங்கன்னா அவ நெசமாவே போயிட்டான்னு ஆயிடும்."

சொல்லிவிட்டு அழுதார். கூட நின்ற பெண்களும் அழுதார்கள். நான் செம்மொழியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, நானும் அழுதேன். இந்தக் கதையில் நான் கற்பனை செய்யாத இடம் இது ஒன்றுதான். நம்புங்கள், நம்பாமல் போங்கள்.

ராமாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோயில் பக்கம் திரும்பினார்.

"மிச்சம் நாளைக்கு" என்றார்.

அந்தக் குரல் செம்மொழியின் குரல் மாதிரியே இருந்ததாம். பிறகு சொன்னார்கள்.

நாளைக்கு யார் சொல்வது என்று சாமிதுரை கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வறண்ட ஆற்றைப் பார்த்தேன். தஞ்சாவூரில் எனக்காக ஒரு நாற்காலி காத்திருக்கிறது.

"நான் சொல்றேன்" என்றார் ராமாயி. "கதவுக்கு முன்னாடி நிக்கிறவளுக்கு நெனச்சுப் பாக்க எவ்வளவோ இருக்கு."

9

அன்றைக்கு ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை. தினம் ஒருத்தி சொல்கிறாள். கையை ஓங்கியபடியே சந்திரலேகா தன் கல்யாணத்தை நினைத்துப் பார்த்தாள், அது ஒரு வாரம் ஓடியது. பிறகு ஒரு சீமந்தம். அதிராம்பட்டினத்தில் ஒரு மாமியாரோடு சண்டை, அது ஒன்பது நாள், நல்ல கூட்டமாம். செவிலியர் தன் முறை வந்தபோது சந்திரலேகாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டார். சாமிதுரை ஒரு சாயங்காலம் சொல்கிறேன் என்று வந்து, காயாரோகணத்தை ஊராட்சித் தேர்தலில் நிற்கவைத்திருக்கிறார். ராமாயி போனில் எனக்கு எல்லாவற்றையும் சொல்கிறார். கதை கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது, ஒரு பெண் இத்தனை மாதம் கையை ஓங்கிக்கொண்டு நின்றால் தோள்பட்டை வலிக்காதா என்று கத்தினேன். வலிக்கட்டும், இறக்க மாட்டாள் என்றார் ராமாயி. அவருக்கு ஊசி இன்னும் வரவில்லை. வரலாம். வராமலும் இருக்கலாம்.

(செம்மொழியின் ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், சாயங்காலம் அந்த ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.)

கடைசிப் பத்தியை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கதவு திறந்தது. எல்லாவற்றையும் கிழித்தேன்.

ஆனால் (இ) என்று ஒன்று இருப்பதாக உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அதை மறைத்தால் துரோகம். சொல்கிறேன், ஒரே நிபந்தனை. இவ்வளவு நேரம் எங்கே உட்கார்ந்து படித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான், நாற்காலி ஜென்மம். எழுந்திருங்கள். செருப்பை மாட்டுங்கள். தெருமுனை வரை போதும், நான் சொல்லிக்கொண்டே வருகிறேன். நீங்கள் நின்றால் நானும் நிறுத்திவிடுவேன். சட்டம் என்னுடையது அல்ல.

கிளம்பிவிட்டீர்களா? சரி. தர்காவுக்குப் பின்னால் அந்தச் சந்து. பச்சைக் கதவு. உள்ளே அந்த இருமல். சந்திரலேகா கண்ணை மூடிக்கொண்டாள். கதவு மெதுவாக, அவள் தட்டாமலே, உள்ளேயிருந்து

ஏன் நின்றுவிட்டீர்கள்?